பாட்டில் வந்த வம்பு: ராப் வரிகளும் விளம்பர ஒப்பந்தங்களும்

2002 ஆகஸ்ட் கடைசி வாரம். அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் சேனலில் இரவு நிகழ்ச்சி நடத்தும் பில் ஓரைலி, கேமராவைப் பார்த்து பெப்சி கம்பெனியைப் பிடி பிடி என்று பிடிக்கிறார். லூடக்ரிஸ் என்ற ராப் பாடகரை பெப்சி தன் விளம்பரத்தில் போட்டிருக்கிறதாம். அவருடைய பாட்டுகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன, போதையை ஊக்குவிக்கின்றன, ஆகவே பொறுப்புள்ளவர்கள் யாரும் இனிமேல் பெப்சி குடிக்கக் கூடாது என்கிறார். மறுநாளே பெப்சி அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டு லூடக்ரிஸைக் கைகழுவியது.

முதல் முறை இதைப் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி வர வேண்டும். லூடக்ரிஸின் முதல் பெரிய பாடல் தொகுப்பு 2000-ல் வந்தது, அடுத்தது 2001-ல். இரண்டும் தலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றவை. வானொலியில் ஓடின, எம்டிவியில் ஓடின. வரிகள் அதே வரிகள்தான். அப்படியானால் 2002 ஆகஸ்டில் புதிதாக என்ன நடந்தது? பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

ராப் வரிகளைப் பற்றிய ஊடகக் கூச்சலில் முக்கால்வாசியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பது என் கணிப்பு. சண்டை பாட்டைப் பற்றியதுபோலத் தெரியும். ஆனால் அடி விழுவது பாட்டின் மேல் அல்ல, பாட்டின் பக்கத்தில் நிற்கும் பணத்தின் மேல். பாட்டை யாராலும் சுலபமாக நிறுத்த முடியாது. விளம்பரத்தை ஒரே நாளில் நிறுத்திவிடலாம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு கம்பெனி ஒரு பிரபலத்தை ஏன் விளம்பரத்தில் போடுகிறது? அவருக்குக் குளிர்பானத்தைப் பற்றி ஏதோ தெரியும் என்பதற்காக இல்லை. அவர் மேல் ரசிகர்களுக்கு இருக்கிற பிரியமும் அவரிடம் இருக்கிற ஒரு கெத்தும் கொஞ்சம் பொருளின் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான். கம்பெனி வாங்குவது அந்த ஒட்டுதலை. ஆனால் ஒட்டுவதில் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது. பூவோடு சேர்ந்த நாருக்கு மணம் வரும். மணம் மட்டும்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ராப் உலகத்தில் இந்த வியாபாரத்தின் பிள்ளையார்சுழி 1986-ல் போடப்பட்டது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ரன்-டிஎம்சி என்ற மூவர் குழு, தாங்கள் போடும் அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. காசு வாங்கிக்கொண்டு பாடியதல்ல, அவர்கள் தெருவில் எல்லோரும் போட்ட ஷூ அது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சிக்கு அடிடாஸ் ஆள் ஒருவரை வரவழைத்தார்கள். மேடையிலிருந்து சொன்னதும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தங்கள் ஷூவைக் கழற்றி உயர்த்திக் காட்டினார்கள். அப்புறம் ஒப்பந்தம் வந்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே ஷூ கம்பெனிகள் பெரும்பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராப் குழு அந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஷூ, குளிர்பானம், பீர், கார், செல்போன் என்று ராப்பர்கள் விற்காத பொருள் இல்லை.

கம்பெனிகள் தேடிப் போனது எதை? தெருவின் துணிச்சலை, இளைஞர்களிடம் இருக்கிற மவுசை. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? எந்த வரிகளுக்காகப் பின்னாளில் விரட்டினார்களோ அதே வரிகளிலிருந்து. ‘உன் கோபம் எனக்கு வேண்டும், கெட்ட வார்த்தை வேண்டாம்’ என்பதுதான் இந்த ஒப்பந்தங்களின் எழுதப்படாத முதல் விதி.

எழுதப்பட்ட விதி ஒன்றும் உண்டு. விளம்பர ஒப்பந்தங்களில் நடத்தை விதி என்று ஒரு பிரிவு இருக்கும். கம்பெனியின் பெயருக்குக் களங்கம் வரும்படி பிரபலம் ஏதாவது செய்தால், கம்பெனி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதன் வேர் ஹாலிவுட்டில் இருக்கிறது. 1921-ல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒரு பெண்ணின் மரணம் தொடர்பாகக் கைதானபோது, யுனிவர்சல் நிறுவனம் தன் நடிகர்களின் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு விதியைச் சேர்க்கத் தொடங்கியது. ஆர்பக்கிள் 1922-ல் மூன்றாவது விசாரணையில் நிரபராதி என்று விடுதலையானார். விதி மட்டும் போகவில்லை. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்று இந்த விதி பொதுவாகக் காத்திருப்பதில்லை, பேச்சு கிளம்பினாலே போதும்.

இப்போது பெப்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ராப் தொகுப்பை வாங்குகிறவர் தானாகத் தேடிப்போய் வாங்குகிறார். பிடிக்காதவர் காதில் அது விழுவதில்லை. குளிர்பானம் அப்படி இல்லை. அதைப் பதினேழு வயதுப் பையனும் குடிக்கிறான், மளிகைக் கடையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் அவன் பாட்டியும் வாங்குகிறார். பையனுக்காகப் போட்ட விளம்பரம் பாட்டியின் வரவேற்பறைக்குள்ளும் நுழைகிறது. ஒரு விளம்பரத்தைத் தூக்கினால் நஷ்டம் எவ்வளவு என்று தெரியும். வைத்துக்கொண்டால் எவ்வளவு போகும் என்று தெரியாது. தெரிந்த சின்ன நஷ்டமும் தெரியாத பெரிய பயமும் எதிரெதிரே நின்றால், கம்பெனிகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாய்காட் உண்மையில் விற்பனையைக் குறைத்ததா என்று பார்க்கக்கூட யாரும் காத்திருப்பதில்லை. தலைப்புச் செய்தி வந்துவிடும் என்ற பயமே வேலையை முடித்துவிடுகிறது.

பெப்சிக்கு இது புதிதும் அல்ல. 1989-ல் மடோனாவுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு விளம்பரம் எடுத்தார்கள். அது ஒளிபரப்பான கையோடு, அதே பாட்டுக்கு மடோனா எடுத்திருந்த தனி வீடியோ எம்டிவியில் வந்தது. எரியும் சிலுவைகள், கறுப்பினப் புனிதர் என்று அதில் இருந்த காட்சிகளைப் பார்த்து மத அமைப்புகள் கொதித்தன. விளம்பரம் சுருட்டி வைக்கப்பட்டது. 50 லட்சம் மடோனாவிடமே இருந்தது. மடோனா ராப்பர் இல்லை, ஆனால் பதின்மூன்று ஆண்டுக்குப் பின் லூடக்ரிஸுக்கு நடந்ததன் ஒத்திகை என்று இதைச் சொல்லலாம்.

அடுத்தது தொலைக்காட்சியின் பக்கம். தினமும் இரவு ஒரு மணி நேரத்தை நிரப்ப வேண்டிய நிகழ்ச்சிக்குக் கோபம் என்பது மலிவான சரக்கு. வறுமை, கல்வி என்று பேசினால் முகம் இல்லை. ராப்பருக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, திரையில் போட்டுக் காட்ட வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளைத் தாளத்தைக் கழற்றிவிட்டு, கோட்டு போட்ட ஒருவர் தட்டையான குரலில் படிக்கும்போது அவை இன்னும் பயங்கரமாக ஒலிக்கும். இதில் கைதேர்ந்த நாடகம் 1992-ல் நடந்தது. போலீஸ்காரரைக் கொல்வதுபோல் ஐஸ்-டி என்ற ராப்பர் பாடிய ஒரு பாட்டை எதிர்த்து டெக்சஸ் போலீஸ் சங்கத்தினர், அதை வெளியிட்ட டைம் வார்னர் நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்த ஜூலையில் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து நின்று, ஐஸ்-டியின் வரிகளைச் சபைக்கு முன் வாசித்தார். அதே மாதக் கடைசியில் அந்தப் பாட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவதாக ஐஸ்-டி அறிவித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அது ராப் பாட்டே அல்ல. ஐஸ்-டி தொடங்கிய மெட்டல் ராக் குழுவின் பாட்டு. பாடியவர் ராப்பர் என்பதால் ஊரே அதை ராப் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. கேரி ஃபிரைட் என்ற உளவியலாளர் 1996-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லும் ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் வரிகளை எடுத்துக்கொண்டார். 1960 வாக்கில் வெள்ளையர் குழு ஒன்று பாடிப் பிரபலமான பாட்டு அது. ஒரு கூட்டத்தாரிடம் இது ராப் என்று சொல்லி நீட்டினார். இன்னொரு கூட்டத்தாரிடம் கன்ட்ரி பாட்டு, அதாவது பெரும்பாலும் வெள்ளையர் பாடும் கிராமிய இசை, என்றார். வரிகளில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ராப் என்று நம்பியவர்களுக்கு அது அதிக ஆபத்தானதாகவும், எச்சரிக்கை முத்திரை குத்த வேண்டியதாகவும் பட்டது. பாடகர் கறுப்பினத்தவர் என்று படம் காட்டியபோதும் அதே கதை. இருபது ஆண்டு கழித்து 2016-ல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். ராப் முத்திரைக்கு மறுபடியும் அதே வரவேற்புதான்.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. எசப்பாட்டிலும் ஏசல் பாட்டிலும் எதிராளியின் மானத்தை வாங்குகிறவரை யாரும் போலீசில் பிடித்துக் கொடுப்பதில்லை. அது ஆட்டத்தின் விதி. காளமேகத்தின் வசையைப் பாடம் வைத்தே படித்திருக்கிறோம். ராப்பிலும் பெருமையடிப்பது, எதிராளியை மட்டம் தட்டுவது, தான் அல்லாத ஒரு ரவுடியின் குரலில் பேசுவது எல்லாம் வடிவத்தின் பகுதிகள். ‘நான்’ என்று பாடினால் பாடகரே செய்தார் என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போனது. குற்ற வழக்குகளில் ராப் வரிகளைச் சாட்சியமாகக் காட்டுவது அங்கே சகஜம். 2022-ல் கலிபோர்னியா அதற்குக் கடிவாளம் போட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சமூகவியலில் இதற்கு ‘ஒழுக்கப் பீதி’ என்று ஒரு பெயர் உண்டு. 1960-களில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் இளைஞர் கும்பல்கள் போட்ட சில்லறைச் சண்டைகளைப் பத்திரிகைகள் எப்படி ஊதிப் பெருக்கின என்று ஆராய்ந்த ஸ்டான்லி கோஹன், 1972-ல் அதை விளக்கினார். ஒரு கூட்டத்தைச் சமூகத்தின் எதிரியாக நிறுத்துவது, எளிதில் அடையாளம் தெரிகிற உடை, இசை, பேச்சு ஆகியவற்றை ஆபத்தின் சின்னமாக்குவது, அப்புறம் நடவடிக்கை கோருவது. 1985-ல் டிப்பர் கோர் முதலிய வாஷிங்டன் பெண்மணிகள் ஆபாசப் பாட்டுகளுக்கு எதிராகப் பதினைந்து பாட்டுகளின் பட்டியலை வெளியிட்டார்கள். செனட் விசாரணையும் நடந்தது. அந்தப் பதினைந்தில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை, பாதிக்கு மேல் ஹெவி மெட்டல், மீதி பாப். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பீதியின் முகவரி மாறி ராப்புக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாக் கோபத்தையும் பீதி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ராப்பை முதலில் கடுமையாகக் கண்டித்தவர்களில் கறுப்பினத்தவர்களே நிறைய. 1993-ல் ஹார்லெமின் பாதிரியார் கால்வின் பட்ஸ், ராப் குறுந்தகடுகளின் மேல் ரோடு ரோலரை ஏற்றப் போவதாக அறிவித்தார். இளைஞர்கள் குறுக்கே நிற்கவே, அவற்றை அள்ளிக்கொண்டு போய் சோனி கட்டடத்தின் முன் கொட்டிவிட்டு வந்தார். டெலோரஸ் டக்கர் என்ற சிவில் உரிமைப் போராளி, அரசியலில் தனக்கு நேரெதிரான வில்லியம் பென்னட்டோடு கைகோர்த்து டைம் வார்னரை நெருக்கினார். அந்த நிறுவனம் 1995-ல் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை விற்றது. மறு ஆண்டே எம்சிஏ அதை வாங்கிக்கொண்டது. பாட்டுகள் கடையை மாற்றிக்கொண்டு அப்படியே ஓடின.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2004-ல் அட்லாண்டாவில் நடந்தது. நெல்லி என்ற ராப்பர், ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்ட தன் சகோதரிக்காக எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் முகாம் ஒன்றை ஸ்பெல்மன் கல்லூரியில் நடத்த இருந்தார். ஸ்பெல்மன் கறுப்பினப் பெண்களுக்கான பழம்பெரும் கல்லூரி. அவருடைய ஒரு வீடியோவில் கறுப்பினப் பெண்ணின் உடம்பில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதுபோல் ஒரு காட்சி இருந்தது. முகாமுக்கு வாருங்கள், ஆனால் அந்த வீடியோவைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று மாணவிகள் கேட்டார்கள். முகாம் ரத்தானது. அவர்கள் யாருடைய குளிர்பானத்தையும் குறிவைக்கவில்லை. பாடியவரிடம் பதில் கேட்டார்கள். ஓரைலியின் கோபத்துக்கும் இவர்கள் கோபத்துக்கும் உள்ள தூரம் அதுதான்.

2013 இன்னும் சிக்கலான ஆண்டு. ஒரே மாதத்துக்குள் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் போயின. ரிக் ராஸ் ஒரு பாட்டில், பெண்ணின் மதுவில் அவளுக்குத் தெரியாமல் போதை மருந்து கலந்து, வீட்டுக்கு அழைத்துப் போனதாக ஒரு வரி பாடினார். இதைப் பெருமையடிப்பு என்று தள்ளிவிட முடியாது, பாலியல் வன்முறை. பெண்கள் அமைப்பு ஒன்று நியூயார்க்கில், அவரை விளம்பரத்தில் வைத்திருந்த ஷூ கம்பெனியான ரீபாக்கின் கடைக்கு முன் போராடியது. தன் வரியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று ராஸ் முதலில் சமாளித்தார். ஏப்ரலில் ரீபாக் அவரை விலக்கியது. மே முதல் வாரத்தில் பெப்சி நிறுவனத்தின் இன்னொரு குளிர்பானமான மவுண்டன் டியூ, லில் வெய்ன் என்ற ராப்பரை விலக்கியது. அவர் ஒரு கொச்சையான உவமைக்கு எம்மெட் டில்லின் பெயரை இழுத்திருந்தார். 1955-ல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் வீசிய பதினான்கு வயதுச் சிறுவன் அவன். சிதைந்த அந்த முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். அந்தக் குடும்பத்தின் கோபத்தை யாரால் ஊடகக் கூச்சல் என்று சொல்ல முடியும்?

பெப்சி வசமாக மாட்டிக்கொண்டதும் உண்டு. லூடக்ரிஸை விலக்கிய ஐந்தே மாதத்தில், 2003 ஜனவரியில், அமெரிக்காவின் விலை உயர்ந்த விளம்பர மேடையான சூப்பர் பவுல் ஆட்டத்தில் ஆஸி ஆஸ்போர்னையும் அவர் குடும்பத்தையும் வைத்து ஒரு விளம்பரம் போட்டது. ஆஸி ராக் உலகின் பழைய முரடர். 1982-ல் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்தவர். குடும்பமே கெட்ட வார்த்தை பேசும் எம்டிவி தொடரில், நிமிடத்துக்கு நிமிடம் பீப் ஒலி போட்டு ஓட்டினார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டியா என்று ஹிப்-ஹாப் தரப்பு கிளம்பியது. ராப் இசைத் தயாரிப்பாளர் ரஸல் சிம்மன்ஸ் தலைமையில் பெப்சியைப் புறக்கணிக்கும் அழைப்பு வந்தது. ஓரைலி பிடித்த அதே கத்தி, இப்போது வேறு கையில். பிப்ரவரியில் சமரசம் ஆயிற்று. இளைஞர் நலப் பணிகளுக்கு, லூடக்ரிஸின் அறக்கட்டளையும் சேர்த்து, சில ஆண்டுகளுக்குப் பல லட்சம் டாலர் தர பெப்சி ஒப்புக்கொண்டது.

இந்த மாதிரி நேரங்களில் ‘கருத்துரிமை போயிற்று’ என்று ஒரு குரல் தவறாமல் எழும். அமெரிக்கச் சட்டப்படி அது பெரும்பாலும் பொருந்தாத வாதம். அரசியல் சாசனம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. 1990-ல் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் தொகுப்பை ஆபாசம் என்று அறிவித்தார், அதை விற்ற கடைக்காரர் கைதானார். அங்கே கருத்துரிமை உண்மையிலேயே அடிபட்டது. மேல்முறையீட்டில் 1992-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பெப்சி லூடக்ரிஸை விலக்கியது அந்த வகை அல்ல. பெப்சி விளம்பரத்தில் நடிப்பது யாருக்கும் பிறப்புரிமை இல்லையே. அவர் பாடுவதை யாரும் தடுக்கவும் இல்லை. 2003 அக்டோபரில் வந்த அவருடைய அடுத்த தொகுப்பு பில்போர்டு விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

காலம் போகப் போக எல்லாம் தலைகீழாகிறது. போலீஸ் சங்கங்கள் விரட்டிய ஐஸ்-டி, 2000-லிருந்து தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராக நடித்துக்கொண்டிருக்கிறார். கார் இன்ஷூரன்ஸ் விளம்பரத்திலும் வந்தார். 1993-ல் நியூஸ்வீக் பத்திரிகை, ராப்பின் வன்முறையைப் பற்றிய அட்டைப்படக் கட்டுரைக்கு ஸ்னூப் டாக் முகத்தைப் போட்டது. 2024-ல் அதே ஸ்னூப் டாக் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜோதி ஏந்தி நடந்தார்.

ஓரைலி என்ன ஆனார்? பெண்கள் அவர் மேல் கொடுத்த பாலியல் தொல்லைப் புகார்களைத் தீர்க்க அவரும் சேனலும் ஐந்து பேருக்குச் சுமார் 1.3 கோடி டாலர் கொடுத்திருந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2017 ஏப்ரலில் செய்தி வெளியிட்டது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் மெர்சிடிஸ் பென்ஸ், ஹூண்டாய் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அவர் நிகழ்ச்சியிலிருந்து விளம்பரத்தை உருவிக்கொண்டன. ஏப்ரல் 19 அன்று ஃபாக்ஸ் அவரை அனுப்பிவிட்டது. அவருடைய நிகழ்ச்சியை எல்லோரும் சுருக்கமாக ‘தி ஃபேக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அடுத்த மாதக் கடைசியில் எம்டிவியில் ஒரு புதிய நிகழ்ச்சி தொடங்கியது, தொகுப்பாளர் லூடக்ரிஸ். நிகழ்ச்சியின் பெயர் ‘ஃபியர் ஃபேக்டர்’.